அப்யூஸ் புகார் போய்ச் சேரும் இடம்

நான் பராமரிக்கும் சிறிய மின்னஞ்சல் சர்வரின் நிகழ்வுப் பதிவேடான லாகைச் சென்ற மாதம் ஒருநாள் காலையில் திறந்தபோது, ஒரே ஐபி முகவரியிலிருந்து ரூட், அட்மின், டெஸ்ட் என்று பயனர் பெயரை மாற்றி மாற்றி தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான 22ஆம் போர்ட்டைத் தட்டிய முயற்சிகள் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருந்தன. ஒரு முகவரி யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் தேடலில், அந்த முகவரியை வைத்திருக்கும், சர்வர்களை வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனமும், புகார் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலும் கிடைத்தன. இத்தகைய முறைகேடுகள் பற்றிய புகார்களுக்கு அப்யூஸ் என்ற பெயரில் அஞ்சல் பெட்டி வைத்திருக்கும் வழக்கத்தை 1997இலேயே ஆர்எஃப்சி 2142 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்துவிட்டது.

நேர மண்டலத்தைக் குறிப்பிடாததால் என் முதல் புகார் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. அவர்கள் கேட்டது நியாயம்தான். வாடகை சர்வர்களில் ஒரே முகவரி காலையில் ஒருவரிடமும் மாலையில் வேறொருவரிடமும் இருக்கக்கூடும் என்பதால், இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடையிலான ஐந்தரை மணி நேரப் பிழை சம்பந்தமில்லாத ஒருவர் மீது பழியைப் போட்டுவிடும்.

திருத்தி அனுப்பிய புகாரை அவர்கள் என் பெயரோடும் மின்னஞ்சலோடும் அப்படியே அந்தச் சர்வரை வாடகைக்கு எடுத்த வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலும் வாடிக்கையாளரின் சர்வரே வேறொருவர் கையில் சிக்கியிருக்கும் என்பதால் அவருக்குத் தெரிவிப்பது அவசியம்தான். ஆனால் அவரே தாக்குபவராக இருந்தால், புகார் கொடுத்தவரைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். லாக் வரிகளை மட்டும் அனுப்பி, கெடு வைத்து, பதில் வராவிட்டால் தரவை அழிக்காமல் அந்தச் சர்வரின் வலை இணைப்பை மட்டும் நிறுத்துவதே முறை.

ஹோஸ்டிங் நிறுவனமே கண்டுகொள்ளாவிட்டால், அதற்கு இணைப்பு தரும் மேல்நிலை வலையமைப்பைத்தான் அணுக வேண்டும். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இயங்கிய மெக்கோலோ என்ற நிறுவனத்தில் ரஸ்டாக், ஸ்ரிஸ்பி போன்ற பாட்நெட்டுகளின், அதாவது உரிமையாளருக்குத் தெரியாமல் கைப்பற்றப்பட்டு ஸ்பேம் அனுப்பும் கணினிக் கூட்டங்களின், கட்டுப்பாட்டு சர்வர்கள் இருந்தன. செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் திரட்டிய ஆதாரங்களைப் பார்த்த மேல்நிலை வலையமைப்புகளான குளோபல் கிராசிங்கும் ஹரிக்கேன் எலெக்ட்ரிக்கும் 2008 நவம்பர் 11 அன்று அதன் இணைப்பைத் துண்டித்தன. உலகெங்கும் ஸ்பேம் பாதிக்கும் கீழே சரிந்தது. சில நாட்களில் டெலியாசோனெரா என்ற வேறொரு வலையமைப்பு வழியாக மெக்கோலோ சிறிது நேரம் இணையத்துக்குத் திரும்பியபோது, ரஸ்டாக்கை இயக்கியவர்கள் அந்த இடைவெளியில் தங்கள் பாட்நெட்டை வேறு சர்வர்களுக்கு மாற்றத் தொடங்கிவிட்டார்கள். புகார் போனதும் அந்த இணைப்பும் துண்டிக்கப்பட்டது.