எந்த வளையத்தை வெட்டுவது?

தர்மபுரியில் ஓர் அரசுக் கல்லூரியில் செல் உயிரியல் எடுக்கிறேன். குன்றல் பகுப்பு, அதாவது செல் அடுத்தடுத்து இரண்டு முறை பிரிந்து குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பகுப்பு, வருடா வருடம் பாடத்திலும் வரும், வினாத்தாளிலும் வரும். லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று முதல் பகுப்பின் தொடக்கக் கட்டங்களை வரிசை பிசகாமல் எழுதி, படம் போட்டு, பாகம் குறித்துவிட்டால் முழு மதிப்பெண். விடைத்தாள்களில் குரோமோசோம்கள் ‘பிரிகின்றன’, ‘விலகுகின்றன’, ‘துருவங்களை நோக்கி நகர்கின்றன’ என்று இருக்கும். எது பிரிக்கிறது என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் அது இல்லை.

செல்லின் இரு துருவங்களிலிருந்து வரும் கதிர்கோல் இழைகள் இழுப்பதாகச் சொல்வது பாதிக் கதைதான். இழைகள் வந்து பற்றிய நொடியிலிருந்தே இழுப்பு இருக்கிறது. அந்த இழுப்புக்கு ஈடுகொடுத்து குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது, அந்தப் பிடி எங்கே, எப்போது விடுகிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். என்னைப் பொறுத்தவரை ஐந்து பெயர்களை ஒப்பிப்பதைவிட இந்த ஒரு கேள்வி பெரிது.

இதைக் காட்ட ஈஸ்டைவிட நல்ல உயிரி கிடையாது. ரொட்டி ஈஸ்டில் ஒரு தொகுதிக்கு 16 குரோமோசோம்கள். அதன் மரபணுத்தொகுதி முழுவதும் 1996இலேயே படித்து முடிக்கப்பட்டது. நைட்ரஜனும் சர்க்கரையும் இல்லாமல் பட்டினி போட்டால், இரட்டைத் தொகுதி கொண்ட செல் குன்றல் பகுப்புக்குள் போய், ஒரே பைக்குள் நான்கு ஸ்போர்களை வைத்துவிடும். கடையில் வாங்கும் ஈஸ்ட் இதற்குச் சரியாக ஒத்துழைக்காது. பெங்களூரில் ஆய்வு செய்யும் தோழி ஒருத்தியிடமிருந்து ஆய்வக ரகத்தை அகார் குழாயில் வாங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸிலேயே கொண்டுவந்தோம். ஒரு சதவீத பொட்டாசியம் அசிட்டேட் கரைசல் போதும். ஆனால் குடுவையில் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும், நிறைய காற்று வேண்டும், பஞ்சையும் இறுக்கி அடைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் எங்கள் ஆய்வகம் கொதிக்கும். 30 டிகிரியைத் தாண்டத் தாண்ட ஸ்போர் உருவாவது குறையும் என்பதால், ஈரச் சாக்கைச் சுற்றி, ஜன்னல் இல்லாத மூலையில் தரையில் வைத்து, அவ்வப்போது கையாலேயே குலுக்கிக்கொண்டிருந்தோம். சில நாளில் ஒரு சொட்டு எடுத்து 40 மடங்கு லென்ஸில் பார்த்தால், மெல்லிய பைக்குள் மூன்று உருண்டைகள் முக்கோணமாகத் தெரியும். ஃபோக்கஸைக் கொஞ்சம் திருப்பினால் அடியிலிருந்து நான்காவது எழுந்து வரும். நான் சொல்லாமலேயே அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் பிடியையும் வெட்டையும் இந்த மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது. அதற்குக் கம்பளி நூலும் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டும் வாங்கினோம். இரண்டு சிவப்பு நூல், அம்மா வழி குரோமோசோமும் அதன் நகலும். இரண்டு பச்சை, அப்பா வழி. ஒவ்வொரு ஜோடிக்கும் நெடுக ரப்பர் பேண்டுகள். அதுதான் கோஹீசின் என்ற புரத வளையம். சாதாரணச் செல் பகுப்பில் அந்த வளையத்தில் எஸ்சிசி1 என்ற அங்கம் இருக்கும். குன்றல் பகுப்பில் அந்த இடத்தை ரெக்8 என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் நடுவில் ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் வெட்டி, மாற்றி முடிச்சுப் போட்டோம். அது குறுக்கேற்றம். செல்லில் இதற்கான முதல் வெட்டைப் போடுவது ஸ்போ11 என்ற புரதம்.

இப்போது சிவப்பு ஜோடியின் சென்ட்ரோமியரை, அதாவது இழைகள் வந்து பற்றும் இடத்தை, ஒருத்தியும் பச்சை ஜோடியின் சென்ட்ரோமியரை இன்னொருத்தியும் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. முடிச்சுக்கு அப்பால் இருக்கும் ரப்பர் பேண்டுகள் இரண்டு நிறத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டன. குரோமோசோமின் கைகளில், அதாவது சென்ட்ரோமியரிலிருந்து நீளும் பகுதிகளில், உள்ள பேண்டுகளை வெட்டியதும் ஜோடிகள் தனித்தனியாக வந்தன. சென்ட்ரோமியர் அருகே இருந்த பேண்டு மட்டும் வெட்டப்படாததால், ஒவ்வொரு ஜோடியும் ஜோடியாகவே போய்ச் சேர்ந்தது. அந்த மிச்சப் பிடியை வெட்டுவது இரண்டாவது பகுப்பின் வேலை.

அப்போது பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேடம், கத்திரி ஒண்ணுதானே? அங்க மட்டும் வெட்டாதன்னு அதுக்கு யாரு சொன்னது?”

உலகத்தின் நல்ல ஆய்வகங்கள் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இதுதான். கத்திரியின் பெயர் செபரேஸ். செக்யூரின் என்ற புரதம் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். எல்லாக் குரோமோசோம்களும் சரியாக இழுபட்டு நின்றபின், ஏபிசி என்ற புரதக்கூட்டு செக்யூரினுக்கு அழிவுக் குறி போடும். செக்யூரின் சிதைந்ததும் கத்திரி விடுதலை. ஆனால் அந்தக் கத்திரி ரெக்8ஐச் சும்மா வெட்டாது, அதன்மேல் பாஸ்பேட் ஒட்டியிருந்தால்தான் வெட்டும். சென்ட்ரோமியரில் ஷுகோஷின் என்ற காவல் புரதம் உட்கார்ந்திருக்கிறது. அது பிபி2ஏ என்ற நொதியைக் கூட வைத்துக்கொண்டு, பாஸ்பேட்டை விழ விழத் துடைத்துவிடுகிறது. ஷுகோஷினை 2004இல் ஈஸ்ட் ஆய்வுகள்தான் வெளிக்கொண்டுவந்தன. ரெக்8க்குப் பதில் பழைய எஸ்சிசி1ஐ வைத்தால் இந்தக் காவல் பலிக்காது, முதல் பகுப்பிலேயே சென்ட்ரோமியர் பிடியும் போய்விடும். இரண்டாம் பகுப்பில் ஏபிசி ஷுகோஷினையும் அழிக்கக் கொடுத்துவிடுகிறது, கத்திரிக்கு வழி கிடைக்கிறது. ஒரு குரோமோசோமும் அதன் நகலுமான இரண்டு சகோதரிகளும் முதல் பகுப்பில் ஒரே துருவத்தைப் பார்த்து நிற்பதற்கு மோனோபோலின் என்ற இன்னொரு கூட்டு இருக்கிறது, அதைத் தனி வகுப்பாகத்தான் எடுக்க வேண்டும்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ரப்பர் பேண்டுகளின் மேல் மார்க்கரால் புள்ளி வைப்பது, புள்ளி உள்ளதை மட்டும் வெட்டுவது, சென்ட்ரோமியர் பக்கத்தில் ஒருத்தி ஈரத்துணியோடு நின்று புள்ளியை அழித்துக்கொண்டே இருப்பது. அடுத்த பேட்சுக்கு இப்போது அப்படித்தான் நடத்துகிறேன்.

இதெல்லாம் ஈஸ்டோடு நிற்கிற விஷயம் இல்லை. நம் உடம்பிலும் ரெக்8 உண்டு, ஷுகோஷின் உண்டு. பெண்ணின் கருமுட்டைகளில் இந்த வளையங்கள் அவள் பிறக்கும் முன்பே மாட்டப்படுகின்றன. முட்டை முதிரும்வரை, சில சமயம் 40 வருடம்கூட, அதே வளையங்கள்தான் தாங்கியாக வேண்டும். வயது கூடக் கூட அவை தளர்கின்றன. 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாகப் போய் டவுன் சிண்ட்ரோம் வருவது பெரும்பாலும் கருமுட்டையில் நடக்கும் இந்தப் பிரிவுப் பிசகால்தான். இளம் தாய்க்கும் இது நேரலாம். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் கிரகணத்தன்று வெளியே போனாள், அதைத் தின்றாள், இதைத் தின்றாள் என்று பெற்றவளைத்தான் பேசுவார்கள். பிறக்கும் முன்பே மாட்டிய ஒரு வளையத்துக்கு அவள் என்ன செய்திருக்க முடியும்? இதை வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றும் சொல்கிறேன்.

இந்த முறை ஸ்லைடைப் பார்த்தவர்கள் சில பைகளில் இரண்டே ஸ்போர் இருப்பதைக் கவனித்து, பகுப்பு பாதியில் நின்றுவிட்டதா என்று கேட்டார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அசிட்டேட் தீர்ந்துபோனால் ஈஸ்ட் இரண்டு பகுப்பையும் முடித்து நான்கு உட்கருக்களை உண்டாக்கிய பிறகும், இரண்டை மட்டும் ஸ்போராகச் சுற்றி மூடிவிடும். எது நடந்தது என்று தெரிய உட்கருவுக்குச் சாயம் ஏற்றி எண்ண வேண்டும். அதற்கான ஒளிரும் மைக்ரோஸ்கோப் எங்களிடம் இல்லை. ஸ்லைடுகளைத் தோழியின் ஆய்வகத்துக்கு எடுத்துப் போகலாம் என்றிருக்கிறோம். கேட்டவர்களையும் கூட்டிக்கொண்டு போகத் துறையில் அனுமதிக்கு எழுதியிருக்கிறேன்.