பட்டியலில் ஏறாத சொப்பு

"இது என்ன விலை தம்பி?" என்று, நான் சாமான் பட்டியல் எழுதப் போன வீட்டைப் பெருக்கும் அம்மாள் கேட்டார். "சும்மா எடுத்துக்கங்கம்மா" என்றேன். அவர் கையிலிருந்த சொப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "சும்மான்னா வேணாம் தம்பி. சும்மா தாரேன்னுதான் ஆச்சியும் சொன்னாக" என்று சொல்லி, சார்த்தி வைத்திருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வளவுப் பக்கம், அதாவது உள்முற்றத்துப் பக்கம், போய்விட்டார். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேறு வீடுகளில் பட்டியல் எழுதும்போதுகூட, கடைசிப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில், அந்தப் பேச்சு எனக்குள் மறுபடி ஓடத் தொடங்கிவிடுகிறது.

வீட்டுச் சாமான் எழுதப் போவது எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் பங்குள்ள ஐந்து புள்ளியும், அதாவது ஐந்து பங்காளிக் குடும்பங்களும், ஒப்புக்கொண்டு, ஐவரும் கையெழுத்துப் போட்ட பிறகு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள எங்கள் பழம்பொருள் கடையின் சார்பில் நான் போயிருந்தேன். இரண்டு நாளில் எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், மங்குச் சாமான்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள் என்று எல்லாவற்றையும் எழுதி முடித்து, மொத்தத் தொகையும் பேசியாகிவிட்டது. அதன் பிறகுதான் வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் வைக்கோல் அடைத்த ஒரு கள்ளிப்பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே பித்தளைச் சொப்பு: குடம், அண்டா, இட்லிக் கொப்பரை, அடுப்பு, ஜாரணி என்று பதினொரு உருப்படிகள், எடை போட்டால் அரைக் கிலோ தேறாது.

கல்யாணச் சாமான் பரப்பும்போது பெரிய அண்டாவிலிருந்து விளையாட்டுச் சொப்புவரை ஒன்றுவிடாமல் வைத்த காலத்துச் சாமான் அது. விசேஷங்களுக்குப் பங்காளி வீடுகளுக்குள் பாத்திரம் போய்வரும்போது மாறிவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றிலும் எழுத்து வெட்டிவைப்பது வழக்கம். சொப்பை யாரும் இரவல் கேட்கப் போவதில்லை. ஆனாலும் கட்டைவிரல் உயரமே இருந்த அந்தக் குடத்தின் கழுத்தடியில், புள்ளி புள்ளியாக, வீட்டின் மூன்று எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. அந்த அம்மாள் முந்தானையால் களிம்பைத் துடைத்துவிட்டு, அந்தப் புள்ளிகளின் மேல் விரலை வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் விலை கேட்டார்.

அவருடைய தாயார் அந்த வீட்டில் பாத்திரம் விளக்கியவர் என்றும், ஏழெட்டு வயதில் தாயோடு வந்து மூன்றாங்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், வீட்டுக்கார ஆச்சி அந்தச் சொப்பைக் காட்டி, "ஒன் கல்யாணத்துக்குத் தாரேன்" என்று சொன்னதாகவும், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அன்று மாலை சொன்னார். கல்யாணத்தின்போது ஆச்சி வெளியூரில் இருந்தாராம். கொடுக்க மறந்தாரா, விளையாட்டாகச் சொன்னதை இந்தப் பெண் மெய்யென்று பிடித்துக்கொண்டாளா என்பதை இனிக் கேட்பதற்கு ஆச்சி இல்லை. இந்தக் கதையில் பெரியவர் சொன்னது பாதிதான் இருக்கும். இடைவெளிகளை நானே நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒன்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததையும், பிறகு 1948இல் சுதந்திரம் பெற்ற அந்த நாடு நிலங்களை எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டதையும், அங்கே தங்கள் குடும்பம் இழந்த ஏக்கர்களையும், பேரேட்டை வாசிப்பதைப் போலக் குரல் மாறாமல் சொல்லும் மனிதர்கள் இங்கே உண்டு. அப்படிச் சொன்ன ஒருவர், வயது எண்பதை நெருங்கியவர், துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைத் தூக்கி வெளியே வைத்தபோது மட்டும், "இதைச் சின்ன அப்பச்சி மகன் ஒரு நாள்கூட என்னை ஏற விடலை" என்று சொல்லிவிட்டு, அங்கே நிற்க முடியாமல் முகப்புக்குப் போய்விட்டார். சொத்துப் போன கதையைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். சைக்கிளை யாரிடம் போய்ச் சொல்வது? இவ்வளவு தெரிந்த நான்தான் அன்று அந்த அம்மாளிடம் தவறினேன். தவறினேன் என்று எழுதுவதும் சரிதானா என்பதில் எனக்கு இன்னும் முழு நிச்சயமில்லை.

ஏனென்றால், கெட்ட எண்ணத்தில் நான் அதைச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கடையில், திரி ஏற்றினால் டபடபவென்று தண்ணீரில் ஓடும் தகரப் படகு ஒன்றைக் காட்டி அப்பாவிடம் கேட்டேன். அவர் அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, விலை கேட்டார். கடைக்காரர் ஒன்றேகால் ரூபாய் என்றார். அப்பா ஒன்றும் பேசாமல், தகரம் சத்தம் போடாதபடி அவ்வளவு மெதுவாக அதைத் தட்டில் திருப்பி வைத்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த மெதுவைத்தான் மறக்க முடியவில்லை. பிழைப்புக்காக விலை சொல்லும் வேலைக்கே வந்து சேர்ந்துவிட்ட போதிலும், கையில் ஒரு சின்னப் பொருளை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி விலை கேட்பவரிடம் தொகையைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆகவே என் வாயிலிருந்து வந்த 'சும்மா', திருவிழாக் கடைக்காரரிடமிருந்து நான் எதிர்பார்த்து ஏமாந்த சொல். அந்த அம்மாளோ அதே சொல்லைக் கேட்டே ஏமாந்தவர். அவர் குடத்தைக் கீழே வைத்த விதம் அப்பா படகை வைத்த விதத்தைப் போலவே இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது அன்று கண்ணில் பட்டதா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்படி எழுதினால் என் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் என் மனத்தில் ஓடியது படகு மட்டுமில்லை. சொப்பு பட்டியலில் இல்லை. ஐவரும் கையெழுத்துப் போட்டு முடித்தாயிற்று. அவரிடம் இருநூறு ரூபாய் வாங்கினால், அதை எழுத வேண்டும், ஐந்து பங்காகப் பிரித்து ஆளுக்கு நாற்பது என்று கணக்குக் காட்ட வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் விளக்க வேண்டும். வண்டி வாசலில் நின்றது. 'சும்மா' என்பதுதான் எல்லாவற்றிலும் சுலபமாக இருந்தது. இரக்கம் எவ்வளவு, சோம்பல் எவ்வளவு என்று அளந்து பார்த்தால் எனக்குச் சாதகமாக வராது என்றே நினைக்கிறேன். அதைவிட, சொப்பு என்னுடையதே இல்லை. அடுத்தவர் பொருளைத் தானம் செய்யும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? கேட்டவர் விளக்குமாற்றோடு நின்றதால்தானே? முகப்பில் உட்கார்ந்திருந்த பங்காளிகளில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், கட்டாயம் ஒரு விலை சொல்லியிருப்பேன். அவரும் பேரம் பேசியிருப்பார். அந்த மரியாதையைத்தான் அந்த அம்மாள் கேட்டாரோ என்னவோ. ஒருவேளை அவர் வெறுமனே விலை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்றால், இவ்வளவு யோசனையும் வீண்.

பின்னாலேயே போய், "சரிம்மா, நூறு ரூபா கொடுங்க" என்று சொல்லியிருக்கலாம். வளவுத் தூண்வரை போகவும் செய்தேன். அவர் குனிந்து ஆத்தங்குடித் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. இப்போது தொகை சொன்னால் அது அவருக்காகக் கட்டிய நாடகமாகிவிடும் என்று தோன்றியதால் திரும்பிவிட்டேன். அதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானமாக இருக்கலாம்.

சொப்பு மொத்தத்தோடு கடைக்கு வந்தது. பங்காளிகளிடம் சொன்னேன்; "அது கிடக்கட்டும்" என்றார்கள். நான்கு மாதம் கழித்து, கொலுவில் வைக்க ஏதாவது வேண்டும் என்று வந்த வெளியூர்த் தம்பதியர், பதினொன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். நாலாயிரத்து ஐந்நூறு என்றேன். வாய் தடுமாறவில்லை. எழுத்து வெட்டியிருப்பதைப் பார்த்து, இது யார் பெயர் என்று அந்தப் பெண் கேட்டபோது மட்டும், வீட்டுக்காரர்கள் பெயர் என்று சொல்லிவிட்டுப் பொட்டலம் கட்டத் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டையும் பிரித்துவிட்டார்கள். சென்ற ஐப்பசியில் அந்த அம்மாளைச் சந்தையில் பார்த்தேன். நான் ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன், அவரே கூப்பிட்டு, "வளவுத் தூணெல்லாம் நல்ல வெலைக்குப் போச்சா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த தொகையைச் சொன்னேன். கதவு என்ன போயிற்று, நிலை என்ன போயிற்று, உத்தரம் என்ன போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். "பர்மாத் தேக்குல்ல" என்று தலையாட்டிவிட்டு, கத்திரிக்காய்க் குவியலின் முன்னால் குந்தி, சொத்தை பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தார்.