கென்டக்கி டெர்பியும் தத்தமங்கலத்து மாமாவும்

கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவர்களுக்குக் குதிரையோட்டம் புதிதன்று. பக்கத்திலுள்ள தத்தமங்கலத்தில் அங்காடி வேலா என்னும் திருவிழாவுக்குக் குதிரை ஓடுவதைச் சிறுவயதிலேயே தோளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள். என் தாய்மாமா இன்றைக்கும் அங்கே ஒரு குதிரை வைத்திருக்கிறார். அமெரிக்காவில் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்த நான், 2025 மே 3 அன்று லூயிவில் நகரில் கென்டக்கி டெர்பி என்னும் குதிரைப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும், வென்ற குதிரைக்குப் பரிசு எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மாமா மட்டும், "ஏங் கண்ணு, அதைத் தேய்ச்சு வுடறது யாரு?" என்றார்.

அவருக்குப் பதில் சொல்வதற்கு அந்தப் பகல் முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. விலை குறைந்த சீட்டு என்பதால், ஓடுதளம் சுற்றிவரும் புல்வெளியின் நடுவே நின்றோம். காலையிலிருந்து மழை. குடை கொண்டுபோக அங்கே அனுமதி இல்லையாகையால், மாதக்கணக்கில் தேடி வாங்கிய அலங்காரத் தொப்பிகளின் மேல் பெண்கள் பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். புதினா போட்ட மதுவைக் குடித்தபடி அத்தனை பேரும் சேற்றில் நின்றது, இடவப்பாதி மழைக்காலத்தில் எங்கள் ஊர்ச் சந்தையைப் பார்ப்பதுபோலவே இருந்தது.

பந்தயத்துக்கு முன்பு ஒரு நடை உண்டு. கொட்டிலிலிருந்து குதிரைகளைச் சேணம் பூட்டும் இடத்துக்கு ஓடுதளத்தின் வழியாகவே நடத்திவருகிறார்கள். பெரிய திரையில் அதைக் காட்டியபோது, கோட்டும் தொப்பியுமாக வந்த உரிமையாளர்களைவிட, ரப்பர் பூட்ஸ் முழுக்கச் சேறாகக் கடிவாளத்தைப் பிடித்துவந்த ஒரு குதிரைக்காரரையே என் கண் தேடியது. ஒரு கை கழுத்தில் இருக்க, அவர் வாய் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே குதிரைக் கொட்டில்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்கர்கள்.

மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம் அது. ஆகவே எந்தக் குதிரைக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புத்தான். தூரம் ஒன்றேகால் மைல், அதாவது ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அன்று ஓடிய 19 குதிரைகளில், எழுதுகிறவன் என்ற பாசத்தில் 'ஜர்னலிசம்' என்னும் குதிரையின் மேல் 2 டாலர் கட்டினேன். அதுதான் இரண்டாவதாக வந்தது! முதலில் வெகு பின்னால் கிடந்த 'சாவரின்டி', ஜூனியர் அல்வராடோ ஓட்ட, 2 நிமிடம் 2.31 விநாடியில் வென்றது. சேறு தெறிக்கும் நாளில் குதிரையோட்டும் ஜாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கண்ணாடிகளை அணிந்துகொண்டு, மேலுள்ளது மறைந்ததும் அதை இறக்கிவிட்டு அடுத்ததன் வழியே பார்த்து ஓட்டுகிறார்கள் என்றபோது மாமா முதல்முறையாகத் தலையாட்டினார்.

இந்தப் பந்தயம் பிறந்ததிலும் தாய்மாமன்களுக்குப் பங்கு உண்டு என்பதை நான் வேண்டுமென்றே அவரிடம் சொன்னேன். மெரிவெதர் லூயிஸ் கிளார்க் என்பவர் 1872இல் இங்கிலாந்து சென்று, 1780 முதல் நடந்துவரும் எப்சம் டெர்பியைப் பார்த்துவிட்டு வந்து, தம் மாமன்களான ஜான் சர்ச்சில், ஹென்றி சர்ச்சில் ஆகியோரின் நிலத்தில் ஓடுதளம் அமைத்தார். அந்த ஓடுதளத்துக்குச் சர்ச்சில் டவுன்ஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். பிரிட்டன் பிரதமருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதல் டெர்பி 1875 மே 17 அன்று நடந்தது. ஓடிய 15 குதிரைகளில் 13 குதிரைகளை ஓட்டியவர்கள் கறுப்பினத்தவர். வென்ற அரிஸ்டைடீஸை ஓட்டிய ஆலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவர்; அதைப் பழக்கிய ஆன்செல் வில்லியம்சனோ அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பண்ணைகளில் குதிரைக்குத் தீனி வைத்துத் தேய்த்துப் பழக்கிய கைகள் அவர்களுடையவையாக இருந்ததால் ஓட்டும் வித்தையும் அவர்களிடமே இருந்தது. முதல் 28 டெர்பிகளில் 15 வெற்றிகள் கறுப்பின ஜாக்கிகளுடையவை. ஐசக் மர்ஃபி மட்டும் மூன்று முறை வென்றார். பணமும் புகழும் பெருகியதும் வெள்ளை ஜாக்கிகள் பந்தயத்தின் நடுவிலேயே அவர்களை நெருக்கித் தள்ளினார்கள். உரிமையாளர்களும் குதிரை கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். 1901, 1902 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற ஜிம்மி விங்க்ஃபீல்டு பிழைப்புத் தேடி ருஷ்யாவுக்குப் போய் அங்கே ஓட்டினார். அவருக்குப் பின் இன்றுவரை எந்தக் கறுப்பின ஜாக்கியும் டெர்பியை வென்றதில்லை. 1921க்கும் 2000க்கும் இடையில் ஒருவர்கூட ஓட்டவும் இல்லை. தொப்பியையும் வென்ற குதிரைக்குப் போடும் ரோஜா மாலையையும் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

மாமா ஒன்றும் சொல்லாமல் கொள்ளு ஊறிய வாளியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். திரும்பிவந்து என் செல்பேசியில் பந்தயத்தை ஒரு தடவை பார்த்தார். அது முடிந்து மாலை போடுவதற்குள் கையை நீட்டித் தடுத்து, "இது கெடக்குது, அந்த நடத்தியாந்தாங்களே, அதைப் போடு" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.