மலைவீட்டில் பி.எஸ்.பி.: கஸ்டம் ஃபர்ம்வேர் போடுவதற்கு முன்னும் பின்னும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ அலமாரியில் பல வருஷம் கிடந்த, சோனியின் கையடக்கக் கேம் கருவியான பி.எஸ்.பி.யைக் கையில் எடுத்தவுடன் பின்பக்கத்து பேட்டரி மூடியைப் பாருங்கள். மேடாகத் தெரிந்தாலோ, ஒரு ஓரம் பூட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. வெளியே எடுத்துத் தட்டையான மேஜைமேல் வைத்துச் சுண்டிவிடுங்கள். உப்பியது பம்பரம் மாதிரி சுழலும். நல்லது உரசி நின்றுவிடும். உப்பிய பேட்டரியை அழுத்திப் போட்டுச் சார்ஜ் ஏற்றாதீர்கள், குத்தியும் பார்க்காதீர்கள். குப்பையோடு சேர்க்காமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஃபர்ம்வேர் என்பது கருவிக்குள் பதிந்திருந்து அதை இயக்கும் அடிப்படை நிரல். அதைச் சோனி அல்லாதவர்கள் மாற்றி எழுதியதுதான் கஸ்டம் ஃபர்ம்வேர். அதைப் பற்றிப் பேச வந்தவர் ஏன் பேட்டரியில் தொடங்குகிறார் என்றால், மற்ற வேலை எல்லாம் பத்து நிமிடம்தான். கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம் உள்ள இரண்டு இடங்கள் பேட்டரியும், கேமும் சேவும் பதியும் கார்டான மெமரி ஸ்டிக்கும். பேட்டரி இல்லாமல் அடாப்டரை மட்டும் செருகியும் பி.எஸ்.பி. ஓடும், விளையாடலாம். ஆனால் சோனியின் அப்டேட் நிரல் பேட்டரியில் போதுமான சார்ஜ் இருக்கிறதா, அடாப்டர் செருகியிருக்கிறதா என்று இரண்டையும் பார்த்த பிறகே தொடங்கும். அது நியாயமான கண்டிப்பு. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கருவி மறுபடி இயங்காமல் வெறும் கல்லாகிவிடும். ஜூலைக் காற்றில் கற்பூரமரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்தால் எத்தனை மணி நேரம் இருட்டு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாதப் பராமரிப்பு மின்தடை நாளிலும் மழை வலுத்த நாளிலும் இந்த வேலையைத் தொடாதீர்கள். பேட்டரி நல்லதாக இருந்தால் மின்சாரம் போனாலும் எழுதி முடிக்கும். பேட்டரி செத்திருந்தால் அந்த நொடியோடு முடிந்தது.

புதிய பேட்டரி வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள். 1000 வரிசைக்கு 1800 எம்ஏஎச் தடித்த பேட்டரி. 2000, 3000 வரிசைகளுக்கு 1200 எம்ஏஎச் மெல்லியது. கொஞ்ச விலைக்கு 3600 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கும் மெல்லிய பேட்டரியை நம்ப வேண்டாம். அந்த அளவுக்குள் அவ்வளவு அடங்காது. அடாப்டர் 5 வோல்ட், 2 ஆம்பியர். ஊட்டியில் ஜனவரி உறைபனி இரவில் ஜன்னலோரம் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுத்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து ஆயுள் குறையும். அறை வெப்பத்துக்கு வரட்டும், பிறகு செருகுங்கள்.

அடுத்தது மெமரி ஸ்டிக். அசல் மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ கிடைப்பது அரிது, போலியும் நிறைய. மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றைப் போடும் அடாப்டரே போதும். இரண்டு கார்டு போடும் அடாப்டரும் உண்டு. அது தரவை இரண்டு கார்டுக்கும் பிரித்து எழுதும். ஒன்று செத்தால் மற்றதில் இருப்பதும் போகும். என் தேர்வு எப்போதும் ஒற்றைக் கார்டு, 32 ஜிபி. கார்டு போலியா என்று எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரலால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். 32 ஜிபி என்று காட்டிவிட்டு 4 ஜிபிக்கு மேல் எழுதியதைத் தொலைக்கும் கார்டில் ஃபர்ம்வேர் கோப்பு பாதி போய்விட்டால் பழி ஃபர்ம்வேர் மேல்தான் விழும்.

ஃபார்மேட்டைக் கணினியில் செய்யாமல் பி.எஸ்.பி.யிலேயே செய்யுங்கள்: செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், ஃபார்மேட் மெமரி ஸ்டிக். அதற்கு முன் பழைய ஸ்டிக்கில் உள்ள சேவ்டேட்டா ஃபோல்டரைக் கணினிக்கு நகலெடுத்து வையுங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய சேவ் ஒன்று போனால் திரும்ப வராது.

இனி பதிப்பு. சிஸ்டம் செட்டிங்ஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் இப்போதைய எண் தெரியும். சோனி கடைசியாக 2015-ல் வெளியிட்ட 6.61-தான் நமக்கு வேண்டியது. நெட்வொர்க் அப்டேட் என்ற வழியை மறந்துவிடுங்கள். பி.எஸ்.பி.யின் வைஃபை 802.11பி, பாதுகாப்பு டபிள்யூபிஏ வரைதான். இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் அதை ஏற்காது. கோப்பைக் கணினியில் இறக்கி, மினி யுஎஸ்பி கேபிளில் இணைத்து, மெமரி ஸ்டிக்கில் பிஎஸ்பி ஃபோல்டருக்குள் கேம், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் இறக்கிய ஈபூட் (EBOOT.PBP) கோப்பை வையுங்கள். எல்லாப் பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பி.எஸ்.பி. கோ-வுக்குத் தனிக் கோப்பு, மற்ற மாடல்களுக்கு வேறு. மாற்றிப் போட்டால் ஏற்காது. பிறகு கேம் மெனுவில் மெமரி ஸ்டிக்கைத் திறந்து இயக்குங்கள். ஜப்பான் கருவி என்றால் உறுதி செய்யும் பொத்தான் எக்ஸ் இல்லை, வட்டம். பழைய கருவி வாங்கியவர்கள் பல பேர் அங்கேதான் திண்டாடுகிறார்கள்.

6.61 வந்தபின் ஆர்க்-4 என்ற கஸ்டம் ஃபர்ம்வேர். ப்ரோ-சி என்ற பழைய கஸ்டம் ஃபர்ம்வேரும் நன்றாகவே ஓடும். ஆனால் இன்றும் பராமரிக்கப்படுவது ஆர்க் என்பதால் அதையே சொல்கிறேன். அவிழ்த்த தொகுப்பில் இரண்டு ஃபோல்டர்கள் முக்கியம். பெயரில் 01234 என்று முடிவதை பிஎஸ்பி ஃபோல்டரின் உள்ளே இருக்கும் சேவ்டேட்டாவில் வையுங்கள். ஆர்க் லோடர் என்பதை கேம் ஃபோல்டரில் வையுங்கள். யுஎஸ்பியைக் கழற்றி, கேம் மெனுவில் ஆர்க் லோடரை இயக்குங்கள். திரை ஒருமுறை இருண்டு மெனுவுக்குத் திரும்பும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 6.61-க்குப் பக்கத்தில் ஆர்க் பெயர் தெரிந்தால் வேலை முடிந்தது. சோனியின் அசல் ஃபர்ம்வேர் ஏன் இதை அனுமதிக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பிளேஸ்டேஷன் 3-இன் பாதுகாப்பு உடைந்ததைத் தொடர்ந்து 2011-ல் பி.எஸ்.பி.யின் கையொப்பச் சாவிகளும் வெளியே வந்துவிட்டன. கையொப்பமிட்ட நிரலைக் கருவி சொந்த நிரலாகவே நினைக்கிறது.

இங்கே வரும் கோளாறுகள் பெரும்பாலும் மூன்றே மூன்று. கேம் மெனுவில் "கரப்டட் டேட்டா" என்று வந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அவிழ்த்திருப்பீர்கள். கேம் ஃபோல்டருக்குள் ஒரே ஒரு ஃபோல்டர், அதற்குள் நேரடியாக ஈபூட் கோப்பு என்று இருக்க வேண்டும். 80020148 என்ற எண் வந்தாலோ, நேற்று இருந்த ஐஎஸ்ஓ கேம்கள் (டிஸ்க்கை ஒரே கோப்பாக நகலெடுத்தவை) இன்று மெனுவில் காணாமல் போனாலோ, கஸ்டம் ஃபர்ம்வேர் இப்போது இயங்கவில்லை என்று பொருள். லோடரை மறுபடி இயக்குங்கள். மூன்றாவது, பிளக்இன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்) போட்டபின் கருவி தொடங்காமல் கறுப்புத் திரையில் நிற்பது. மெமரி ஸ்டிக்கை வெளியே எடுத்துவிட்டு இயக்கினால் தொடங்கும். பிறகு கணினியில் கார்டைப் படித்து, எஸ்இ பிளக்இன்ஸ் ஃபோல்டரில் கடைசியாகச் சேர்த்ததை நீக்குங்கள். பிளக்இன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் தீரும்.

லோடரை ஒவ்வொரு முறையும் இயக்குவது சலிப்பாகத் தோன்றும். பவர் பொத்தானை லேசாகத் தள்ளிவிட்டால் கருவி உறங்குகிறது. ஆர்க் அப்படியே இருக்கும். மூன்று நொடிக்கு மேல் பிடித்து முழுக்க அணைத்தாலோ, பேட்டரி தீர்ந்தாலோ மட்டும் போகும். நிரந்தரமாக்க சிஐபிஎல் என்ற தனி நிரல் தொகுப்பிலேயே இருக்கிறது. அது கருவி விழித்தெழும் முதல் பகுதியையே மாற்றி எழுதுகிறது. சில நொடி வேலைதான், ஆனால் அந்தச் சில நொடியில் மின்சாரம் அறுந்தால் கருவி எழுந்திருக்காது. 1000 வரிசையையும் 2000-இன் பழைய போர்டுகளையும் பண்டோரா பேட்டரி (கருவியைப் பழுதுபார்க்கும் நிலையில் எழுப்பும்படி மாற்றிய பேட்டரி) கொண்டு மீட்கலாம். 3000-இல் அந்த வழி எடுபடாது. தோட்டத் தொழிலாளர் லயன் வீடு மாதிரி அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில், சந்தேகமான பேட்டரியோடு சிஐபிஎல் எழுதுவதை நான் எதிர்க்கிறேன். நல்ல பேட்டரி, முழுச் சார்ஜ், அடாப்டர், ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடிய ஆர்க்: இந்த நான்கும் இருந்தால் எழுதுங்கள்.

இவ்வளவும் எதற்கு? மலையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, பி.எஸ்.பி. கேம்கள் வரும் யுஎம்டி என்ற சிறு டிஸ்க். ஜூனிலிருந்து நவம்பர் வரை இங்குள்ள ஈரத்தில் டிரைவின் லென்ஸில் மங்கல் படிகிறது, டிஸ்க்கின் ஒட்டிய பிளாஸ்டிக் ஓடு பிரிகிறது. பிரிந்த டிஸ்க்கை டிரைவ் ஏற்காது. உங்களிடம் உள்ள டிஸ்க்குகளை ஓடும்போதே ஐஎஸ்ஓவாக எடுத்து வைத்துவிடுங்கள். மெனுவில் இருக்கும்போது செலக்ட் பொத்தானை அழுத்தினால் ஆர்க் மெனு வரும். யுஎஸ்பி டிவைஸ் என்பதை மெமரி ஸ்டிக்கிலிருந்து யுஎம்டி டிஸ்க் என்று மாற்றி, யுஎஸ்பியில் இணைத்தால் கணினியில் டிஸ்க் முழுவதும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாகத் தெரியும். நகலெடுங்கள். 1.8 ஜிபி நிறைந்த டிஸ்க்குக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும். பிறகு யுஎஸ்பி டிவைஸைப் பழையபடி மெமரி ஸ்டிக்குக்கு மாற்றி, கோப்பை ஸ்டிக்கைத் திறந்தவுடன் தெரியும் ஐஎஸ்ஓ ஃபோல்டரில் போடுங்கள். பிஎஸ்பி ஃபோல்டருக்குள் அல்ல. மோட்டார் சுழலாததால் ஏறும் நேரம் குறையும், பேட்டரியும் கூடுதலாக நிற்கும். இடம் போதாவிட்டால் சிஎஸ்ஓவாகச் சுருக்கலாம். ஆனால் விரித்துப் படிக்க ப்ராசஸருக்கு வேலை கூடும், சில கேம்களில் திக்கும். 32 ஜிபி கார்டு இருக்கும்போது சுருக்கத் தேவையில்லை. ப்ராசஸர் வேகத்தை 222-லிருந்து 333 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றும் வசதியும் அதே மெனுவில் உண்டு. உண்மையிலேயே திக்கும் கேமுக்கு மட்டும் ஏற்றுங்கள், பேட்டரி வேகமாகத் தீரும்.

கீழே மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் கருவியைப் பையிலேயே மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். குளிர்ந்த கருவி சமவெளியின் ஈரக்காற்றைத் தொட்டால் உள்ளே வியர்க்கும். வியர்வை காயும் முன் பவர் போடாதீர்கள். வீட்டில் வைக்கும்போது மூடி இறுக்கமான டப்பா, அதில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம். பேட்டரியைக் கழற்றி, பாதிச் சார்ஜில் தனியாக வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.