'கே'யில் போய் உட்கார்ந்த கோவில்

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முழங்கால் ஒத்துழைத்த வரையில் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு நடந்தே போய்வந்தார். இப்போது முடியவில்லை. என்னுடைய பழைய மடிக்கணினியில், மின்னூல்களை அடுக்கிப் பராமரிக்கும் காலிபர் என்ற மென்பொருளை ஏற்றி, பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த அறுநூற்றுச் சொச்சம் மின்னூல்களைத் திறந்து காட்டினேன். ஐந்து நிமிடம் உருட்டிப் பார்த்துவிட்டு, "அகராதி மாதிரி எழுத்து வாரியாகப் பிரித்து வைக்க முடியாதா அம்மா?" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல் நான்கு வார இறுதிகளைத் தின்றது.

காலிபரில் 'பிற நெடுவரிசைகளிலிருந்து உருவாகும் நெடுவரிசை' என்று ஒரு வகை உண்டு. நாம் ஒரு டெம்ப்ளேட், அதாவது சின்ன வாய்பாடு, எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைக் கணக்கிட்டுக் காட்டும். மூலத் தகவலில் கை வைக்காது. அதை இடப்பக்கத்தில் புத்தகங்களை வகைவகையாகக் காட்டும் டேக் பிரௌசரிலும் வரவழைக்கலாம். இது போதும் என்று பட்டது.

கை பழகட்டும் என்று முதலில் சின்னதாக ஒன்று எழுதினேன். பக்க எண்ணிக்கை 200க்குக் கீழே இருந்தால் 'ஒரே மூச்சில்', மேலே இருந்தால் 'நிதானமாக'. அதிலேயே வழுக்கி விழுந்தேன். 96 பக்கப் புத்தகம் 'நிதானமாக' என்றது. 1,040 பக்கத் தலையணை 'ஒரே மூச்சில்' என்றது. டெம்ப்ளேட் மொழியில் வெறும் < குறி எண்களையும் சொற்களைப் போலத்தான் ஒப்பிடும். 9 என்பது 2க்குப் பின்னால் வரும், 1 முன்னால் வரும், அவ்வளவே அதன் கணக்கு. எண்ணாக ஒப்பிட <# என்று எழுத வேண்டும். கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

அடுத்தது முதலெழுத்து. தலைப்பின் முதல் குறியை வெட்டி எடுக்க ஒரே வரி போதுமானதாக இருந்தது. ஆனால் பா, பி, பூ, பொ எல்லாமே 'ப' என்ற ஒரே மூட்டையில் விழுந்தன. கணினி எழுத்துகளைக் குறிகளாகச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'பூ' ஓர் எழுத்தன்று. 'ப' ஒரு குறி, அதன் மேல் ஏறும் உயிர்க்குறி இன்னொன்று. எனவே டெம்ப்ளேட்டை நிபந்தனைகளோடு எழுதும் நிரல் முறைக்கு மாறி, இரண்டாவது குறி உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் இரண்டையும் எடு, இல்லையென்றால் ஒன்றை மட்டும் எடு என்று எழுதினேன். பா, பி, பீ எல்லாம் வரிசையாக நின்றபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை காப்பியோடு உட்கார்ந்த அப்பா, "கோவில் என்று தொடங்கும் புத்தகம் இரண்டு இருந்ததே, ஒன்றுதான் இருக்கிறது" என்றார். தேடினால் மற்றொன்று 'கே'யில் இருந்தது. தலைப்பு அச்சாகக் 'கோவில்' என்றே தெரிகிறது; பக்கத்து நெடுவரிசை 'கே' என்கிறது.

இரண்டு மாலைகள் என் நிரலையே சந்தேகித்தேன். நடுநடுவே மதிப்புகளை அச்சிடச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. காலிபரைக் கட்டளை வரியிலிருந்து தொடங்கினால்தான் அந்த அச்சு கண்ணுக்குத் தெரியுமாம். இல்லாவிட்டால் கருந்துளைக்குள் போய்விடும் என்று கையேடே சொல்கிறது. பிறகு டெம்ப்ளேட்டைச் சோதிக்கும் சாளரத்தைப் பிடித்துக்கொண்டேன். புத்தகங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதைத் திறந்தால், தட்டத் தட்ட ஒவ்வொரு புத்தகத்துக்கும் விடை கீழே மாறிக்கொண்டே வருகிறது. பிழை தேட இதைவிட வசதி எனக்கு வேண்டியதில்லை.

அங்கேயும் 'கே'தான். அலுத்துப்போய் அப்பாவிடம் திரையைத் திருப்பினேன். அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "இரட்டைக்கொம்பு, க, துணைக்கால்: கோ. துணைக்கால் விட்டுப்போனால் கேதானே அம்மா?"

பொறி தட்டியது. தலைப்பின் நீளத்தை எண்ணச் சொன்னேன். ஒரு 'கோவில்' 6 என்றது, இன்னொரு 'கோவில்' 7 என்றது. அப்பாவுக்கு மூன்றே எழுத்து என்பது வேறு வழக்கு. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி என்ற தமிழ்க் குறிமுறையில் நான் வைத்திருந்த பட்டியல் ஒன்றை எப்போதோ ஏதோ ஒரு மாற்றியில் போட்டு, அந்தத் தலைப்புகளை அப்படியே ஒட்டியிருந்தேன். என் நிரல் முதல் இரண்டு குறிகளை மட்டும் எடுத்து, துணைக்காலை வாசலிலேயே விட்டுவிட்டது.

இதற்கு டெம்ப்ளேட்டைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் திருப்பி எழுதினேன். பைத்தானில் யூனிகோடை இயல்பாக்க, அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வடிவங்களை ஒன்றாக்க, ஒரு வரி போதும். பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் சேர்ந்துவிடும். கோவில் 'கோ'வுக்குத் திரும்பியது.

ஆனால் 'கெளரவம்' இன்னும் 'கெ'யில் இருந்தது. இது யூனிகோடின் குற்றமன்று, தட்டச்சு செய்தவரின் கைவரிசை. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகர எழுத்தும். அசப்பில் ஒன்றுபோலவே இருக்கும். இயல்பாக்கும் வரி இதைத் தொடாது, தொடவும் கூடாது. அவசரப்பட்டு நானே 'ெள' வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக மாற்றச் சொன்னேன்.

மாலையில் அப்பா கேட்டார்: "வௌ என்று ஒரு தலைப்பு, அதில் பதினொரு புத்தகம். வௌவாலைப் பற்றியா இவ்வளவு சேர்த்திருக்கிறாய்?"

வெளி, வெளிச்சம், வெள்ளம், வெள்ளை எல்லாம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. கணக்கிடும் நெடுவரிசை என்பதால் தலைப்புகள் தப்பின. நேரடியாகத் தகவலைத் திருத்தியிருந்தால் வெள்ளம் நிஜமாகவே தலைக்கு மேல் போயிருக்கும்.

அப்பாவும் நானும் காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். கெளுத்தி, தெளிவு, வெள்ளம்: ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ளகரம். கெளரவம், மெளனம், பெளதிகம்: ஒன்றும் ஏறாமல் அடுத்த மெய் வந்தால் வேடம் போட்ட ஔகாரம். இந்த நிபந்தனையைச் சேர்த்ததும் 'வௌ' காலியானது. எங்கள் அறுநூறு தலைப்புகளில் இதற்கு விலக்கு எதுவும் அகப்படவில்லை.

பாக்கி இருப்பது ஸ்ரீ. பார்க்க ஓர் எழுத்து, உள்ளே நான்கு குறிகள். இப்போதைக்கு என் டெம்ப்ளேட் அதில் 'ஸ்' வரைக்கும் வெட்டிக் காட்டுகிறது. தனி விதி எழுதவா என்று கேட்டேன். "கிரந்தமெல்லாம் கடைசியில் ஒன்றாகக் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, 'கோ' வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.