சட்டியில் இருப்பது பாஸ்டன் பெரணியா?

போன வாரம் அத்தை வீட்டுத் தொங்குசட்டிக்கு மண் மாற்ற உட்கார்ந்தோம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு செடிக்கடையில் 'பாஸ்டன்' என்று சொல்லி விற்ற செடி. சட்டியைக் கவிழ்த்தால் வேருக்கு நடுவே கோலிக்குண்டு அளவில் பழுப்பு உருண்டைகள். "வேர்ல நோய் விழுந்துடுச்சு, தூக்கிப் போட்டுடு"ன்னு அத்தை எழுந்துவிட்டார். ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே வெளுப்பாக, நீர் கோத்திருந்தது. நோய் இல்லை, கிழங்கு. இந்தக் கிழங்கு இருந்தாலே போதும், அது பாஸ்டன் பெரணி இல்லை என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

பாஸ்டன் பெரணி என்பது நெஃப்ரோலெப்பிஸ் எக்சல்டாட்டா என்ற இனத்தில் தானாகத் தோன்றிய ஒரு மாறுபாடு. 1894-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன செடிகளுக்கு நடுவில் கண்டுபிடித்தார்கள், ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. எக்சல்டாட்டாவுக்குக் கிழங்கு வராது. அத்தை வீட்டில் இருப்பது நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியா, தன் ஓடுதண்டுகளில் நீரைச் சேர்த்து வைக்கும் இனம். நேபாளத்தில் அந்தக் கிழங்கைப் பச்சையாகவே தின்பார்கள், அங்கே அதற்குப் 'பானி அமலா' என்று பெயர், அதாவது தண்ணீர் நெல்லி. எவ்வளவு பொருத்தமான பெயர்!

ஆனால் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்ல முடியாது. கிழங்கு இல்லாத கார்டிஃபோலியாவும் உண்டு, அதனால் கிழங்கு தட்டுப்படவில்லை என்பதற்காக எக்சல்டாட்டா என்று முடிவு கட்டக் கூடாது. அப்போது பார்க்க வேண்டியது செதிலை, அதாவது காம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய உமி போன்றதை. இலையின் நடுக்காம்பின் மேல்பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள், கைப்பேசி கேமராவை நன்றாக நெருக்கி வைத்தாலும் தெரியும். வெளிறிய செதில்கள், ஒவ்வொன்றும் காம்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் கருத்த புள்ளி என்றால் கார்டிஃபோலியா. செதில் முழுக்க ஒரே இளம்பழுப்பு என்றால் எக்சல்டாட்டா. என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை. கார்டிஃபோலியாவின் சிற்றிலைகள் குட்டையாக, நெருக்கமாக, அடியில் காது போல ஒரு மடல் நீண்டு நடுக்காம்பை மூடும் என்பார்கள், அது சரிதான், ஆனால் நிழலில் வளர்ந்த செடியில் இடைவெளி கூடிவிடும், வெயிலில் எல்லாமே சுருங்கிவிடும், ஆகவே இலை வடிவத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்பவரை நான் நம்புவதில்லை.

எனக்கு இந்தப் பெரணிகள் மேல் ஆசை வந்தது தோட்டத்தில்தான். அப்பா செம்பனைக் குலை வெட்டுவார். மட்டை வெட்டிய அடிக்கட்டைகளின் இடுக்கில் மக்கு சேர்ந்து, அதில் பெரணி தொங்கும், ஆள் உயரத்தையும் தாண்டிய இலைகள். அதெல்லாம் நெஃப்ரோலெப்பிஸ் பைசெராட்டா என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இதே வகை தரையிலும் அடர்ந்து கிடக்கும், மண்ணின் ஈரத்தைக் காக்கும் என்பதால் பல தோட்டங்களில் அழிக்காமல் விட்டுவிடுவார்கள்.

பைசெராட்டாவை அறிய இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிற்றிலையின் அடியில் ஓரத்தை ஒட்டி வித்துக்கூட்டங்கள் புள்ளி புள்ளியாக இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தோல் மூடி. நெஃப்ரோலெப்பிஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே 'சிறுநீரகச் செதில்' என்றுதான் பொருள், அந்த மூடியின் வடிவத்தை வைத்து வந்தது. பைசெராட்டாவில் மட்டும் மூடி ஏறக்குறைய முழு வட்டம், குட்டிக் காசு மாதிரி. கார்டிஃபோலியாவில் ஒரு பக்கம் அகலமாகத் திறந்திருக்கும், எக்சல்டாட்டாவில் அந்தத் திறப்பு குறுகலானது. மூடி காய்ந்து சுருண்டுவிட்டால் ஒன்றும் தெரியாது, அதனால் பச்சை மாறாத இளம் இலையாக எடுங்கள்.

இவற்றோடு குழப்பும் இன்னொரு இனம் நெஃப்ரோலெப்பிஸ் பிரௌனி. முன்பு மல்டிஃப்ளோரா என்பார்கள். தூரத்தில் சின்ன பைசெராட்டா போலவே நிற்கும். காம்பின் அடியைப் பாருங்கள்: கரும்பழுப்புச் செதில்கள் காம்போடு அப்பிப் படிந்து, ஓரம் மட்டும் வெளுத்திருக்கும். சிற்றிலையின் மேல்பக்க நடுநரம்பில் குட்டையான விறைத்த முடிகளும் உண்டு. அக்யூட்டிஃபோலியா என்ற இனம் கிடைத்தால் சிரமமே இல்லை, அதில் வித்துகள் புள்ளியாக இல்லாமல் ஓரம் நெடுகக் கோடாக ஓடும்.

சில செடிகள் பிடி கொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளஞ்செடிகளில் பாதி அடையாளங்கள் வந்திருக்காது. கடைகளில் விற்கும் சுருள் இலை, நுண்ணிலை ரகங்கள் பலவற்றில் ஒழுங்கான வித்தே உருவாகாது. போதாததற்கு இனங்கள் கலக்கவும் செய்யும், ஃப்ளோரிடாவில் பைசெராட்டாவும் எக்சல்டாட்டாவும் சேர்ந்த கலப்பினம் இயற்கையிலேயே இருக்கிறது. எனவே எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து முழுச்செடி ஒன்று, காம்பின் அடி ஒன்று, சிற்றிலையின் அடிப்பக்கம் நெருக்கத்தில் ஒன்று, முடிந்தால் வேர்ப்பகுதி ஒன்று என்று எடுங்கள். அழகாகத் தொங்கும் இலையை மட்டும் அனுப்பினால் யாராலும் பெயர் சொல்ல முடியாது.

அத்தையின் செடியைப் புது மண்ணில் வைத்தாயிற்று. உதிர்ந்த கிழங்குகளில் ஆறைத் தனிச் சட்டியில் புதைத்திருக்கிறோம், அதிலிருந்தும் செடி முளைக்கும். தினமும் காலையில் அத்தை போய் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறாராம்.