காதல் துரோகத்தின் காயத்துக்கு ஒரு சிகிச்சை: வாரம் ஒரு மாத்திரை, ஒரு பக்கம்

நம்பியவர் ஏமாற்றியது தெரிந்த பிறகு தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்து நெஞ்சு படபடக்கும். இது மனபலம் இல்லாததால் வருவதில்லை. உயிருக்கு ஆபத்து நேராததால் மருத்துவர்கள் பொதுவாக இதைப் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று எழுதுவதில்லை, 'தகவமைவுக் கோளாறு' (வாழ்க்கையில் விழுந்த அடியைத் தாங்க முடியாமல் மனம் திணறுவது) என்பார்கள். பெயர் லேசாக இருக்கிறது என்பதற்காக வேதனையும் லேசு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் அலேன் புருனேயின் குழு இந்தக் காயத்துக்கு ஒரு முறையைச் சோதித்திருக்கிறது. ஒரு நினைவைக் கிளறும்போது அது சற்று நேரம் இளகி, மறுபடி பதிகிறது. 2000-இல் நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாதர் எலிகளிடம் இதைக் காட்டினார். இளகிய நேரத்தில் ப்ரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை உடம்பில் இருந்தால், நடந்தது நினைவில் இருக்கும், அதோடு ஒட்டிய பதற்றம் மட்டும் குறைவாகப் பதியும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

முதலில் மருத்துவப் பரிசோதனை. ஆஸ்துமா, குறைந்த ரத்த அழுத்தம், மந்தமான நாடித்துடிப்பு, சில இதயக் கோளாறுகள் இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை ஆபத்து. ஆய்வுகளில் கிலோ எடைக்கு ஏறத்தாழ 1 மி.கி. தந்திருக்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் தானாக வாங்கிப் போடவே கூடாது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, சிகிச்சையாளர் முன்னால் அந்தச் சம்பவத்தை எழுதுவீர்கள். அடுத்தடுத்த வாரங்களில் அதே பக்கத்தை வாய்விட்டுப் படிப்பீர்கள். ஐந்தாறு அமர்வுகள் வரை போகும்.

அந்தப் பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது, பலரும் சறுக்குவதும் அங்கேதான். காதல் கதை முழுவதையும் எழுதிவிடுவார்கள். அல்லது "அவன் ஏன் இப்படிச் செய்தான்" என்று வழக்கு நடத்துவார்கள். அப்படி எழுதினால் மூளை வாதாடிக்கொண்டிருக்குமே தவிர, நினைவு கிளறப்படாது. ஒரே ஒரு கணம் போதும், மிக மோசமான அந்தக் கணம். தன்மையில் ('நான்' என்று), நிகழ்காலத்தில், உடம்பில் என்ன நடந்தது என்பதோடு: "மேஜைமேல் அவன் போன் ஒளிர்கிறது. பெயரைப் படிக்கிறேன். கை சில்லிடுகிறது. வயிறு சுருண்டு பிடிக்கிறது." படிக்கும்போது எதுவும் அசையவில்லை என்றால், வேறு கணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று சந்தேகிக்கலாம். சிகிச்சையாளரிடம் சொல்லித் திருத்துங்கள்.

முதல் அமர்வு முடிந்த இரவு அழுகை கூடலாம். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். படபடப்பு குறையும்போது சிலருக்குப் பயம் வரும், வலி போனால் அந்தக் காதலே பொய்யாகிவிடுமோ என்று. அந்தப் பயத்தையும் அமர்வில் பேசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடத் தோன்றும். இடைப்பட்ட நாட்களில் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளைத் திறப்பது, அவருடைய ஸ்டேட்டஸைப் பார்ப்பது, நண்பர்களிடம் விசாரிப்பது மூன்றும் வேண்டாம். பார்த்தால் காயம் புதிதாகக் கீறப்படும்.

இந்த முறைக்கான ஆதாரம் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் இ.எம்.டி.ஆர். (கண்ணசைவோடு அதிர்ச்சி நினைவைக் கையாளும் சிகிச்சை) அல்லது அதிர்ச்சியை மையப்படுத்திய சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) தெரிந்தவரைத் தேடுங்கள். துரோகம் செய்தவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், ஏமாற்று தொடர்கிறது என்றால் எந்தச் சிகிச்சையும் பலன் தராது. பாதுகாப்பான இடமும் பிரிவும்தான் முதலில். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் எந்த அமர்வுக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.